புண் ஆறி வருகிறது, அம்மா ஏன் ஒடுங்கிப் போகிறார்?

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்கு உள்ளங்காலில் பல மாதங்களாகப் புண் இருக்கிறது. அளவு குறைந்து வருவதாக மருத்துவர் சொல்கிறார். அம்மாவோ விசேஷங்களுக்குப் போவதில்லை, சரியாகத் தூங்குவதுமில்லை. கேட்டால் வலி இல்லை என்கிறார். இதை மருத்துவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: வலி இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு ஆழமான புண்கூட வலிப்பதில்லை. எனவே வலியை வைத்தோ, புண்ணின் நீள அகலத்தை வைத்தோ அவர் படும் பாட்டைக் கணிக்க முடியாது. அதை அவரிடமே தனியாகக் கேட்டறிய வேண்டும்.

இதற்கென ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 2014இல் வெளியான 'வூண்ட்-க்யூஓஎல்' (Wound-QoL, புண்ணுள்ளவரின் வாழ்க்கைத் தரம்) என்னும் வினாத்தாளில் 17 கேள்விகள் உள்ளன. கடந்த 7 நாட்களில் வலி, துர்நாற்றம், நீர்க்கசிவு, தூக்கக் குறைவு, சிகிச்சையே தரும் சிரமம், புண் ஆறத் தாமதமாவதால் வரும் சலிப்பு, புண்ணை எங்காவது இடித்துக்கொள்வோமோ என்ற அச்சம், படியேறும் சிரமம், பிறரைச் சார்ந்திருக்கும் நிலை, செலவுச் சுமை முதலியவை எந்த அளவுக்கு வாட்டின என்பதற்கு, 'இல்லவே இல்லை' என்றால் 0, 'மிக அதிகம்' என்றால் 4 என நோயாளி மதிப்பிட வேண்டும்.

அம்மாவுக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். செலவையும் துர்நாற்றத்தையும் பற்றிப் பெற்ற பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசப் பலரும் கூசுவார்கள் என்பதால், கட்டு மாற்றும் செவிலியர் தனியாகக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. மதிப்பெண்களின் சராசரியை மட்டும் பார்ப்பதும் போதாது: சராசரி 1 என்றிருக்கும்போதே துர்நாற்றத்துக்கு மட்டும் 4 விழுந்திருக்கலாம், அவர் வீட்டுக்குள் முடங்கக் காரணமும் அதுவாகவே இருக்கலாம். அப்படியானால் கிருமித்தொற்று உண்டா என்று பார்க்கவும், நாற்றத்தை உறிஞ்சும் கரி சேர்த்த டிரெஸ்ஸிங்கோ, நாற்றம் உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் ஜெல்லோ பொருந்துமா என்று ஆராயவும் மருத்துவருக்கு வழி பிறக்கும். தூக்கமின்மையும் சலிப்பும் மேலோங்கியிருந்தால் மனச்சோர்வு உள்ளதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

செவிலியர் கேட்க வழியில்லாமல் நீங்களே வீட்டில் அம்மாவிடம் கேட்டுக் குறித்துவைத்தால், அது முறையான அளவீடு ஆகாது. ஆனாலும் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க அது போதும். மாதம் ஒருமுறை அதே கேள்விகளைக் கேட்டால் மாற்றம் புலப்படும். துர்நாற்றம் திடீரென அதிகரித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, விரல் கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.