லோடு லாரி வரும் பக்கம் மட்டும் ரோடு வெடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் வழியாகக் கிரஷருக்குப் போகும் தார் ரோடு போட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. ஒரு பக்கம் முதலைத் தோல் மாதிரி வெடித்துவிட்டது. சில இடங்களில் குறுக்கேயும் விரிசல். வெயில்தான் காரணம் என்கிறார் காண்ட்ராக்டர். மேலே ஒரு கோட் தார் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. வெடித்தது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். ஜல்லி ஏற்றிய லாரி ஒரு பக்கமாக வருகிறது, காலி லாரி மறுபக்கமாகப் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே தார், ஒரே வெயில். லோடு வரும் பக்கம், டயர் ஓடும் தடத்தில் மட்டும் வெடித்திருந்தால் வெயிலை முதல் குற்றவாளியாக்க முடியாது.

டயர் ஏறும் ஒவ்வொரு முறையும் தார்ப்பரப்பு லேசாக வளைகிறது; அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. லட்சக்கணக்கான முறை இழுபட்டதும் அடியில் மயிரிழைக் கீறல் விழுந்து மேலே ஏறி வருகிறது. மேலே நாம் பார்க்கும்போது சேதம் முற்றியிருக்கும். ஓவர்லோடு இதில் பெரிய கொடுமை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த கணக்குப்படி, அச்சு மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும்.

வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் வேறு விதத்தில். கோடையில் தார்ப்பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது இளகும். அப்போது டயர் தடம் அமுங்குமே தவிர வெடிக்காது. வருடக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டுத் தார் இறுகிப்போவதுதான் பிரச்சினை. இறுகிய தார் இரவுக் குளிர்ச்சியில் சுருங்கும்போது நெகிழ்ந்து கொடுக்காமல் குறுக்கே பிளக்கிறது. குறுக்கு விரிசல்கள் சீரான இடைவெளியில் இருந்தால், அடியில் பழைய கான்கிரீட் ரோடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதன் இணைப்புகளும் அப்படியே மேலே தெரியும்.

மழை விட்டதும் போய்ப் பாருங்கள். லாரி ஏறும்போது விரிசல் வழியே சேறு பீய்ச்சினால் அடித்தளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, ஜல்லித் தளத்தைப் புதிதாகப் போட்டு இறுக்கிய பிறகே தார் போட வேண்டும். அப்படியே மேலே போட்டால் பழைய விரிசல் புதுத் தாரிலும் ஏறிவிடும். குறுக்கு விரிசலுக்கு, தூசியை ஊதி எடுத்துவிட்டு ரப்பர் கலந்த தாரைக் காய்ச்சி ஊற்றினால் போதும். ஐப்பசி மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

மனுவில் "புது ரோடு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வெடித்த பகுதியை அடித்தளத்தோடு மாற்றவும் ஓரத்தில் வடிகால் வெட்டவும் கேளுங்கள். காண்ட்ராக்டரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.