இரண்டாம் எண் சட்டை

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஏழெட்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. முதல் கடிதமே கதை, கவிதை பற்றி இல்லாமல் பேஸ்கட்பால் பற்றி இருப்பதில் எனக்கே கூச்சம்தான். போன வருடம் டர்ஹாமில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நார்த் கரோலினா - ட்யூக் அரையிறுதியைப் பார்த்ததாக ஒரு பயணக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் பந்து என்றால் ஹாக்கிப் பந்துதான். பதினான்கு வருடத்துக்கு முன் கேரிக்கு வேலைக்கு வந்தேன். சேப்பல் ஹில் இங்கிருந்து காரில் அரை மணி நேரம். பக்கத்து சீட்டில் இருந்தவர் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் வழியாகத்தான் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. நான் அங்கே படித்தவன்கூட இல்லை.

2022 ஏப்ரலில் இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றோம். முதல் ஐந்து பேரில் நான்கு பேர் மறுபடி விளையாட வருகிறார்கள் என்றதும் அடுத்த வருடம் கோப்பை நமக்குத்தான் என்று இருந்தேன். பையனுக்கு எங்கள் அணி ஆட்டக்காரர் கேலப் லவ்வின் இரண்டாம் எண் நீலச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். நவம்பரிலேயே எல்லாம் கலைந்துவிட்டது. பத்தே நாளில் வரிசையாக நான்கு தோல்வி. அதில் ஒன்று அலபாமாவுடன் நான்கு ஓவர்டைம் வரை போய் 103-101. கடைசியில் மார்ச் மாதப் போட்டிக்கே அழைப்பு வரவில்லை. 20 வெற்றி, 13 தோல்வி. வேறு சிறிய போட்டிக்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன் ஐயா. கிரீன்ஸ்பரோவில் விர்ஜீனியாவுடன் தோற்ற அன்று, டிவியைப் பார்த்து "அவன் கையில பந்தக் குடுக்காதீங்கடா" என்று கத்தினேன். என் மனைவி அமைதியாக, "அந்தப் பையனுக்கு இருபத்தோரு வயசுங்க" என்றாள். அடுத்த நாள் பையன் அந்தச் சட்டையைப் போடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. இப்போது லவ் வேறு கல்லூரிக்குப் போகப்போகிறார்.

யார் வீட்டுப் பிள்ளைகளோ விளையாடும் ஆட்டத்துக்காக நாற்பத்தைந்து வயது ஆள் மூன்று வாரம் முகம் தொங்கி அலைவது முட்டாள்தனமா?

ச.,
கேரி, வட கரோலினா

*

அன்புள்ள ச.,

முட்டாள்தனம்தான். அதை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அதே கட்சி. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு, மறுநாள் பரீட்சை இருந்தும் பஸ் ஏறிப் போனவன் நான். அந்தப் பரீட்சையின் கதை இங்கே வேண்டாம்.

இந்த ஆட்டம் தெரியாத மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசன் நவம்பரில் தொடங்கும். மார்ச்சில் 68 அணிகளை அழைத்து, தோற்றால் வெளியே என்ற முறையில் ஒரு போட்டி நடத்துவார்கள். வட்டாரப் போட்டியை ஜெயித்த அணிகள் நேராக வரும், மீதி அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். நார்த் கரோலினா அந்தப் போட்டியை ஆறு தடவை ஜெயித்த கல்லூரி, மைக்கேல் ஜோர்டன் படித்த கல்லூரி. 1985-இல் அந்தப் போட்டி 64 அணிகளாகப் பெருகியது. அதற்குப் பிறகு, சீசன் தொடங்கும் முன் நாட்டிலேயே முதலிடம் என்று கணிக்கப்பட்டு, கடைசியில் அழைப்பே கிடைக்காமல் போன முதல் அணி இந்த வருட (2022-23) நார்த் கரோலினாதான். நம் ச.வின் துக்கம் இது.

இனி உங்களுக்கு.

இந்த வருடத்துத் துக்கத்துக்கு இந்த வருடத்தைக் குற்றம் சொல்கிறீர்கள். என் கணக்கில் வினை போன ஏப்ரலில் இருக்கிறது. போன வருட மார்ச் போட்டியின் அந்த மூன்று வாரத்தை நாம் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், அதற்கு முந்திய மூன்று மாதத்தை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 2022 பிப்ரவரி 5 அன்று சேப்பல் ஹில்லிலேயே ட்யூக்கிடம் 87-67 என்று உதை வாங்கினார்கள். என் மருமகன் ட்யூக் கட்சி. அன்று இரவு அவர் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தார். பதினொரு நாள் கழித்து பிட்ஸ்பர்கிடம், அதுவும் சொந்த அரங்கில், தோற்றார்கள். அன்றைக்கு இந்த அணிக்கு மார்ச் அழைப்பு வருமா என்பதே சந்தேகம். கிடைத்ததும் எட்டாவது தரவரிசை இடம்தான்.

அப்புறம் பேய்லருடன் இரண்டாம் சுற்று. 25 புள்ளி முன்னிலை. தாடிக்காரர் பிரேடி மேனெக்கின் முழங்கை எதிராளி மேல் பட்டு அவரை வெளியேற்றினார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த 25 புள்ளியும் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்தது. ஓவர்டைமில்தான் தப்பித்தார்கள், 93-86. அன்று தோற்றிருந்தால் இது சாதாரண அணி என்று அப்போதே முடிவு கட்டியிருப்போம். நீங்களும் சட்டை வாங்கியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் தப்பித்தார்கள். ட்யூக்கின் கோச் ஷெஷெவ்ஸ்கியை அவருடைய கடைசி வீட்டு ஆட்டத்தில் 94-81 என்று ஏற்கெனவே அழவைத்திருந்தார்கள், நியூ ஆர்லியன்ஸில் 81-77 என்று அவருக்கு ஓய்வும் கொடுத்தார்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே பத்து மைல் இருக்கும். ஆனாலும் மார்ச் போட்டியில் ஒன்றையொன்று சந்தித்தது அதுதான் முதல் தடவை. இப்படி ஒன்று நடந்த பிறகு யாருக்குப் புத்தி நேராக இருக்கும்? அக்டோபரில் வாக்களித்த 62 பத்திரிகையாளர்களில் 47 பேர் நார்த் கரோலினாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். தொழிலாகவே ஆட்டம் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்களே ஏமாந்தபோது கோவில்பட்டிக்காரர் ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?

நான்கு பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வராத ஐந்தாவது ஆள்தான் மேனெக். ஆறடி ஒன்பது அங்குல ஆள், வளையத்திலிருந்து தள்ளி நின்று மூன்று புள்ளிக்கு எறிவார், பத்துக்கு நான்கு விழும். அதனால் எதிரணியின் உயரமான தடுப்பாளர் அவரைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். உள்ளே அர்மாண்டோ பேகாட்டுக்குக் கை கால் வீச இடம் கிடைக்கும், லவ்வும் ஆர்.ஜே. டேவிஸும் வெட்டிக்கொண்டு உள்ளே போக வழி கிடைக்கும். அவர் இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வந்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்காக யாரும் அப்படிப் பதறி வெளியே ஓடவில்லை. பேகாட்டைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள். அவர் பந்தை வெளியே தள்ளுவார், வெளியே ஆளில்லாமல் நிற்பவர் எறிவார், விழாது. இந்த சீசன் முழுக்க அணியாக எறிந்ததில் பத்துக்கு மூன்றுதான் விழுந்தது. பாக்கி எல்லாம் இதன் கிளைக்கதைகள். கோச் ஹியூபர்ட் டேவிஸ் பெஞ்சை நம்பாமல் முதல் ஐந்து பேரையே ஓட்டி ஓட்டி விளையாடவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் அது வீரம், இரண்டாம் வருடம் பிடிவாதம்.

தேர்வுக் குழுவைப் பற்றி நீங்கள் புகார் சொல்லவில்லை, நல்லது. சொன்னாலும் நான் சேரமாட்டேன். நாட்டுத் தரவரிசையில் முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியைச் சொந்த அரங்கிலோ, பொது அரங்கில் முதல் 50-க்குள் இருப்பதையோ, எதிரி ஊரில் முதல் 75-க்குள் இருப்பதையோ ஜெயித்தால்தான் அதை உயர்தர வெற்றி என்று எண்ணுவார்கள். நார்த் கரோலினா அப்படிப் பத்து ஆட்டம் ஆடி ஒன்றைத்தான் ஜெயித்தது. பிப்ரவரி 25, விர்ஜீனியாவுடன், சொந்த அரங்கில். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே விர்ஜீனியா கிரீன்ஸ்பரோவில் 68-59 என்று கதையை முடித்தது.

சரி, லவ்வுக்கு வருவோம். நீங்கள் கடிதம் எழுதியது அவருக்காகத்தான், எனக்குத் தெரியும்.

அந்த ட்யூக் அரையிறுதி. கடைசி அரை நிமிடம். ஒரு புள்ளிதான் முன்னிலை. மகள் வீட்டு சோபாவின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் மருமகன், நடுவில் தொடாமலே ஆறிப்போன பாப்கார்ன். லவ் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஏழடி மார்க் வில்லியம்ஸ். விவேகமுள்ள எந்தப் பையனும் அந்த இடத்திலிருந்து எறியமாட்டான். நேரத்தைக் கடத்துவான், பாஸ் கொடுப்பான். இவர் அந்த நீட்டிய கைக்கு மேலாக எறிந்தார். விழுந்தது, 78-74. மருமகன் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார். லவ்வுக்கு அன்று 28 புள்ளி.

இரண்டு நாள் கழித்து கேன்சஸுடன் இறுதிப்போட்டி. இடைவேளையில் 40-25. இறுதிப்போட்டி வரலாற்றில் அவ்வளவு பின்தங்கிய அணி மீண்டு வந்ததில்லை, கேன்சஸ் வந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் பேகாட் கணுக்கால் மடங்கி விழுந்தார். கடைசியில் கேன்சஸ் ஆள் ஒருவர் பந்தோடு கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட, 4.3 விநாடி மிச்சத்தில் பந்து திரும்பக் கிடைத்தது. மூன்று புள்ளி வேண்டும். பந்து யார் கைக்குப் போகும் என்று அரங்கில் இருந்த எழுபதாயிரம் பேருக்கும் தெரியும். லவ்தான் எறிந்தார். போகவில்லை. 72-69. அன்று அவர் எறிந்தது 24, விழுந்தது 5.

இருபது தடவைக்குக் குறையாமல் எறியும் துணிச்சல்தான் சனிக்கிழமை உங்களைத் தரையிலிருந்து தூக்கியது, திங்கட்கிழமை கீழே போட்டது. இந்த சீசனில் அந்தத் துணிச்சல் கொஞ்சமும் மாறவில்லை. அலபாமாவுடனான அந்த நான்கு ஓவர்டைமில்கூட 34 புள்ளி எடுத்தவர் அவர்தான். விழாத பந்துகளைக் கழித்துவிட்டு விழுந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நாம் நினைத்தோம். அப்படி ஒரு லவ்வை யாரும் விற்கவில்லை. "அவன் கையில பந்தக் குடுக்காதீங்கடா" என்று நீங்கள் இந்த மார்ச்சில் கத்தியதை, போன ஏப்ரல் 2 ராத்திரி அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவி சொன்னது சரி. எனக்குச் சேர்த்து ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு அணியின் மேல் கோபம் உண்டு. அது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தச் 'சிறிய போட்டி'. அதன் பெயர் என்.ஐ.டி. திருச்சியில் இருப்பது இல்லை, 68-இல் இடம் கிடைக்காத அணிகள் ஆடும் அழைப்புப் போட்டி. அழைப்பு வரவில்லை என்று தெரிந்த அதே ஞாயிற்றுக்கிழமை, அதில் ஆடமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். பையன்கள் உடலாலும் மனதாலும் களைத்துப்போயிருந்திருக்கலாம், புரிகிறது. ஆனாலும் இதே கல்லூரி 2009-இல் சாம்பியன் பட்டம் வாங்கிவிட்டு, அடுத்த வருடமே தடுமாறி விழுந்து, கௌரவம் பார்க்காமல் அந்த என்.ஐ.டி.யில் ஆடியது. இறுதிவரை போய் டேட்டனிடம் தோற்றது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இந்த வருடம் நார்த் கரோலினா அந்த மாமா.

அங்கே படித்தவன்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடம் அரை மணி தூரத்தில் இருந்து வரி கட்டியிருக்கிறீர்கள். அது அரசுப் பல்கலைக்கழகம். போதும்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. இந்த ஜனவரியில் பேகாட், பழைய ஆட்டக்காரர் டைலர் ஹான்ஸ்ப்ரோவின் 1,219 ரீபவுண்டை (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) தாண்டி அந்தக் கல்லூரியின் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். பக்கத்து ஊரான என்.சி. ஸ்டேட்டுக்கு எதிராக, சொந்த அரங்கில். உங்கள் பையனும் அன்று பார்த்திருப்பானே? இந்த சீசனைப் பற்றி அவனிடம் கேட்டால் அவன் எதை முதலில் சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். சட்டையைப் பற்றி மட்டும் நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். தூக்கியும் போடாதீர்கள். லவ் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நாம் இருவரும் அவர் ஆட்டத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறோம், நீங்களும் நானும். வேண்டாம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

நவம்பரில் மறுபடி டர்ஹாம் வருகிறேன். நார்த் கரோலினாவின் டீன் ஸ்மித் அரங்கில் மேல் வரிசையில் மூன்று டிக்கெட் எடுக்க முடியுமா? உங்கள் பையனுக்கு, உங்களுக்கு, எனக்கு. மருமகனிடம் கேரியில் ஒரு இலக்கியக் கூட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.