இப்போது எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

சிறுகதையாளரான உங்கள் நண்பர் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அன்றிரவே அவருடைய தொகுப்பை எடுத்து மறுபடியும் படித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரி நூலகத்தில் அவரை முதலில் படித்தபோதே கடிதம் எழுத நினைத்தேன், எழுதவில்லை. இப்போது எழுதினால், நோய் வந்த பிறகு இரக்கப்பட்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருக்கிறது. மதுரையில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தலாம் என்கிறார்கள் இங்குள்ள நண்பர்கள். செய்யலாமா?

ஒரு வாசகி, மேலூர்

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

நோய் வந்த பிறகுதானே எழுதுகிறாள் என்று அவர் நினைக்கத்தான் செய்வார். உண்மையும் அதுதானே, மறைக்க வேண்டாம். ‘உங்கள் உடல்நிலையைக் கேள்விப்பட்டேன், இனியும் தள்ளிப்போட மனமில்லை’ என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கதைக்குப் போய்விடுங்கள். நோயைப் பற்றி அவரிடம் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கிரியாட்டினின் எவ்வளவு, யூரியா எவ்வளவு, யாருக்கு எந்தக் கீரையில் குணமானது என்று போகிறவர்கள் எல்லோரும் அதையேதான் பேசுகிறோம். முதல் இரண்டு மாதம் நானும் அதையே பேசினேன். அவருடைய கதைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

உங்களிடம் இருக்கும் தொகுப்பில் கண்மாய்க் கதை இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி அடைமழை. உபரிநீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்தும் தண்ணீர் குறையவில்லை, கரையில் கசிவு கண்டுவிட்டது. கிழவரான நீர்பாய்ச்சி இருட்டில் முங்கிப் போய்க் குமிழியைத் திறக்க வேண்டும். மேலூர்க்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்மாய்க்குள்ளே, கரையை விட்டுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்குமே, அதுதான் குமிழித் தூம்பு. அடியில் இருக்கும் கல்தொட்டியில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. அடைப்பைத் தூக்கினால் மேல்துளை வழியே தண்ணீர் போகும், கீழ்த்துளை வழியே வண்டலும் சேர்ந்து வெளியேறும். கல் அசைந்த கணத்தில் தண்ணீர் ஆளையும் இழுக்கும். அந்த ஒரு முங்கலுக்கு நண்பர் முழுதாக இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார். படிக்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. கதையில் எங்கும் ‘மூச்சு’ என்ற சொல் இல்லை என்பதை நான் நான்காவது வாசிப்பில்தான் கவனித்தேன்.

கைப்பிரதியில் முதலில் ‘மதகு’ என்று எழுதி, அடித்து, ‘மடை’ என்று திருத்தியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “அந்தக் கிழவர் வாயில் மதகு வராது அண்ணே” என்றார். அதற்காகவே ஒரு நீர்பாய்ச்சியின் வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு தங்கிப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

அவருக்கு இன்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு. காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். மதுரையின் சித்திரை வெயிலில் ஒரு லிட்டர்! காலையில் பாட்டிலில் பிடித்து வைத்ததை மூடி மூடியாக ஊற்றிக் குடிக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது இடதுகையை நீட்டினார். தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்த இடம், ஃபிஸ்டுலா. “தொட்டுப் பாருங்கள் அண்ணே.” தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று அதிர்ந்து ஓடியது. “மடை திறந்திருக்கிறது” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. வெளியே வந்து வைகைப் பாலத்தில் வெகுநேரம் நின்றேன்.

கூட்டம் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. அன்று முழுவதும் அசதி, மறுநாள்தான் எழுந்து உட்காருகிறார். கூட்டத்துக்குள் போனால் தொற்று வரும் பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், மேடையில் ஏறுகிறவர்கள் தழுதழுத்த குரலில் அவருடைய மன உறுதியைத்தான் பேசுவார்கள். அவர் நல்ல எழுத்தாளர். அதற்குத்தான் பாராட்டு, நோயைத் தாங்குவதற்கு அல்ல. நண்பர்கள் பணம் திரட்ட நினைத்தால் தாராளமாகத் திரட்டட்டும், மருந்துச் செலவு இருக்கிறது. ஆனால் அதை அவருடைய வீட்டாரிடம் தனியாகக் கொடுங்கள். உதவியையும் பாராட்டையும் ஒரே உறையில் போட வேண்டாம்.

ப. சிங்காரம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதே மதுரையில், ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் ஓர் அறையில் கழித்தவர். எழுதியவை இரண்டே நாவல்கள். 1997-இல் இறந்தார். இன்று அவரைக் கொண்டாடாத இலக்கிய வாசகர் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அந்த அறைக் கதவைத் தட்டி, உங்கள் நாவலில் இந்த இடம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நான் தட்டவில்லை. அதன் வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. நீங்கள் பதினைந்து ஆண்டு தாமதித்ததாக வருந்துகிறீர்கள். நண்பர் இருக்கிறார் அம்மா. படிக்கிறார், கேட்கிறார், பாதியில் நிற்கும் ஒரு குறுநாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்கிறது.

கடிதத்தில் ‘விரைவில் நலம்பெற’ என்று முடிக்காதீர்கள். அவருடைய ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் புத்தகத்தை மூடிவைத்தீர்கள், யாருக்கு அதை வாசித்துக் காட்டினீர்கள், எந்த இடம் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். பிடிக்காததையும் எழுதுங்கள், அவர் வாதாடுவார். அது அவருக்கு நல்லது.

கடிதத்தை எனக்கே அனுப்பலாம். ஊசி ஏறியிருக்கும் கையை அசைக்கக் கூடாது என்பதால் டயாலிசிஸின்போது அவருக்குத் தாள்களைப் பிடித்துப் படிப்பது சிரமம். சனிக்கிழமைகளில் நான்தான் உடன் இருக்கிறேன், வாசித்துக் காட்டுகிறேன். நீளமாகவே எழுதுங்கள். நான்கு மணி நேரம் இருக்கிறது.