ஒன்பது வருச டிபிஏ திரும்ப அடியில இருந்து படிக்கவேணுமா?

தம்பி, களுவாஞ்சிக்குடியில இருந்து டொரண்டோ வந்து மூண்டு மாதம், கொழும்பில ஒன்பது வருசம் டிபிஏவா, அதாவது டேட்டாபேஸைப் பராமரிக்கிற ஆளா, ஓரக்கிள் டேட்டாபேஸின்ட பழைய பதிப்பு 11ஜி பார்த்த ஆள், இங்க எல்லாரும் அதுக்குப் பிறகு வந்த 19சி கேக்கிறாங்க, காசு கட்டி அடியில இருந்து படிக்கவோ எண்டு கேட்டிருந்தீங்க. வேணாம். அந்தப் பிழையை நான் விட்டுட்டன், நீங்களும் விடாதீங்க.

நான் கல்லடி. வந்த புதிசில ஒரு இடத்தில முழுக் கோர்ஸுக்கும் காசைக் கட்டினன். முதல் மூண்டு நாளும் செலக்ட், ஜொயின், டேபிள்ஸ்பேஸ் எண்டு தெரிஞ்ச அடிப்படைதான். எனக்கு நித்திரைதான் வந்தது. நாலாம் நாள் ஒரு யூசர் உருவாக்கச் சொன்னாங்க. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற கட்டளை. அடிச்சன், ஓஆர்ஏ-65096 எண்டு எரர், யூசர் பேர் பிழையாம். திரும்ப அடிச்சன், அதே. பக்கத்தில டேட்டாபேஸையே கண்டிராத பொடியன் தாளைப் பார்த்து ஒரே தரத்தில முடிச்சிட்டான். அவனுக்கு மறக்கிறதுக்கு ஒண்டுமில்லையே!

2013இல வந்த 12சி பதிப்போடதான் இந்த மாற்றம், ஒரு பெரிய டேட்டாபேஸுக்குள்ள கன டேட்டாபேஸ் இருக்கிற அமைப்பு. நம்மட ஊர் வளவை நினைச்சுப் பாருங்க. தாய் வளவுக்குள்ள மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. கிணறும் வேலியும் பொது, அடுப்பும் திறப்பும் வேற வேற. கிணறுதான் மெமரியும் பின்னணி புரோசஸும், வீடுதான் பிடிபி, உள்ளுக்க இருக்கிற தனி டேட்டாபேஸ். சிஸ்டிபிஏ எண்ட முழு அதிகாரத்தோட உள்ள போனா நிக்கிறது வீட்டுக்குள்ள இல்ல, முத்தத்தில. அங்க உருவாக்கிற யூசர் எல்லா வீட்டுக்கும் பொது ஆள், அதால பேர் சி## எண்டு தொடங்கவேணும். நான் முத்தத்தில நிண்டுகொண்டு ஒரு வீட்டு ஆளைச் சேர்க்கப் பார்த்திருக்கிறன்.

இன்னொண்டு வேலையிலயே பட்டன். சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணி, இன்ஸ்டன்ஸ் ஓபன் எண்டு பார்த்திட்டுப் படுத்திட்டன். ராவு 2 மணிக்கு ஃபோன், ஒருத்தருக்கும் கனெக்ட் ஆகுதில்லை. பிடிபி எல்லாம் மவுண்ட் நிலையில கிடக்கு, வளவுப் படலை திறந்திருக்கு, வீட்டுக் கதவெல்லாம் பூட்டு. பிடிபியை ஓபன் பண்ணி 'சேவ் ஸ்டேட்' குடுத்து வைக்கவேணும், அப்பதான் அடுத்த ரீஸ்டார்ட்டில தானாத் திறக்கும். இதெல்லாம் பழகின ஆக்களுக்குத்தான் நடக்கும், புதுசா வாறவன் ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைப்பான்.

அதால கோர்ஸ் எடுத்தா 'புது வசதிகள்' எண்டு பழைய டிபிஏமாருக்கு நடத்துற சின்னக் கோர்ஸ் மட்டும் எடுங்க. அதுக்கு முதல் லப்டொப்பில 21சி எக்ஸ்பிரஸ் எடிஷனைப் போடுங்க. இலவசம். 12 ஜிபி டேட்டா, மூண்டு பிடிபி, பழகக் காணும். 21சியில பழைய அமைப்பே இல்லை, ஒளிக்க இடமில்லை. டேட்டாபேஸோட இணைக்கிற பழைய டிரைவரால கனெக்ட் பண்ணிப் பாருங்க, ஓஆர்ஏ-28040 எண்ட எரர் வந்தாலும் வரும், ஏனெண்டு தேடுங்க. இன்டர்வியூவில 11ஜியை மறைக்காதீங்க. 11.2.0.4இல இருந்து நேரா 19சிக்கு ஏத்தலாம், அந்த வேலைக்கு ரெண்டும் தெரிஞ்ச ஆள்தான் வேணும்.

ஊர்ப் பொடியன்மார் நாலு பேரோட வெள்ளி ராவு 9 மணிக்கு ஸூம்ல இருப்பன், அவங்களுக்கு அப்ப சனி விடியக்காலை. நீங்களும் வாங்க, 21சியைப் போட்டுக்கொண்டு.