அரசு பணம் கொடுத்தால் தெருக்கூத்தின் சுதந்திரம் போய்விடாதா?

என் மாமா முப்பது வருஷம் கூத்து ஜமாவில் (குழுவில்) முகவீணை என்கிற ஊதுகருவி வாசித்தவர். அவர் பின்னால் சுற்றித் திரிந்தவன் என்கிற ஒரே தகுதியில்தான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில், அரசு வருவதற்கு முன் கூத்து யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தது என்பதே பொய். ஊரில் தலைக்கட்டு வரி போட்டு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்துத்தான் கூத்து வைப்பார்கள். காசு கொடுக்கிற ஊர் கர்ண மோட்சம் நாடகம் கேட்டால் கர்ண மோட்சம்தான். யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதில் சாதியும் இருந்தது.

ஆனால் ஊர்க்காசில் ஒரு வசதி. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் என்ன பேசப்போகிறான் என்று யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. ஒருமுறை ராத்திரி ஒரு மணிக்கு துரியோதனன் சபையில் கட்டியங்காரன் சொன்னான்: "மகாராஜா, அஸ்தினாபுரம் ரோட்டுக்கு ஜல்லி வந்துடுச்சு, தார் இன்னும் வந்துகிட்டே இருக்கு." ஊராட்சித் தலைவர் முன்வரிசையில்தான் இருந்தார். எல்லோரும் திரும்பி அவரையே பார்க்க, அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் பேரில் நூறு ரூபாய் மொய் வந்தது. அதையும் மைக்கில் சொன்னார்கள்.

இதே ஜமாவை ஒரு அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம். (திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடிவிட்டு ராஜா வெளியே வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகும்.) வசனத்தை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார்கள். கட்டியங்காரன் பேச்சு என்றைக்குக் காகிதத்தில் இருந்தது? கடைசியில் கட்டியங்காரன் துண்டுப்பிரசுரத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தான்.

இதில் குற்றவாளி பணம் இல்லை, அந்தக் காகிதம். ஒரு பைசா தராமலும் அரசு அதைக் கேட்டிருக்கிறது. 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டப்படி எழுத்துப்பிரதியைக் கேட்டு வாங்க முடிந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2013இல்தான். மாறாக, 2007இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உதவிக்கு அட்டை காட்டினால் போதும், வசனம் காட்ட வேண்டாம். அந்த மாதிரிப் பணம் எவ்வளவு வந்தாலும் நல்லதுதான். நிகழ்ச்சிக்கென்று கொடுப்பதாக இருந்தால் திருவிழா நடத்தும் ஊருக்குக் கொடுக்கட்டும், ஜமாவை ஊர் கூப்பிட்டுக்கொள்ளும்.

மாமாவிடம் கேட்டால் நிதி பற்றிப் பேசவே மாட்டார். பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லி வரும் போலீஸ்காரரைத்தான் திட்டுவார். "துகில் உரியறதே ரெண்டு மணிக்குடா. பத்து மணிக்கு மூஞ்சில அரிதாரமே காய்ஞ்சிருக்காது."