மார்க்கைப் படிக்குது, ஆனா தப்பா வெட்டுது: பிரிண்ட் அண்ட் கட் கேள்வி பதில்

பிரிண்ட் அண்ட் கட் என்றால், ஸ்டிக்கரை வினைலில் பிரிண்ட் செய்து, கூடவே பிரிண்ட் ஆன கறுப்பு அடையாளங்களை (மார்க்) கட்டர் மெஷின் சென்சாரால் படித்து, அதை வைத்து ஸ்டிக்கரின் ஓரத்தை வெட்டுவது. கேள்வி அனுப்புபவர்கள் மெஷின் மாடலோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: ஷீட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெட்டு எந்தப் பக்கம், எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது? எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால் ஒரு காரணம், போகப்போகக் கூடினால் வேறு காரணம், இடத்துக்கு இடம் மாறினால் இன்னொன்று. அளக்காமல் செட்டிங்கில் கை வைத்தால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கேள்வி: சார், நாலு மார்க்கையும் ஒழுங்கா படிக்குது. ஆனா எல்லா ஸ்டிக்கர்லயும் வெட்டு வலது பக்கமா 0.8 மி.மீ. தள்ளி விழுது. ஃபைல்ல பார்த்தா கட் லைன் சரியாதான் இருக்கு.

பதில்: எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் சென்சாருக்கும் பிளேடுக்கும் இடையிலான தூரம் மெஷினில் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். மார்க்கைப் பார்ப்பது சென்சார், வெட்டுவது பிளேடு. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. பிளேடு ஹோல்டரைக் கழற்றி மாட்டும்போது முழுதாக உட்காரவில்லை என்றாலும் இதே விலகல் வரும். ஆகவே முதலில் ஹோல்டரைக் கழற்றி, தூசி துடைத்து, இறுக்கி மாட்டிப் பாருங்கள்.

அப்புறமும் விலகினால், குற்றம் மெஷினிலா ஃபைலிலா என்று பிரிக்க ஒரு சின்ன சோதனை. ஒரே ஸ்டிக்கரை லேஅவுட்டில் இரண்டு முறை வையுங்கள். ஒன்றை நேராக, இன்னொன்றை 180 டிகிரி திருப்பி. பிரிண்ட் எடுத்து வெட்டுங்கள். இரண்டிலும் வெட்டு மெஷினின் வலது பக்கமே தள்ளியிருந்தால் மெஷின் ஆஃப்செட் (அந்த சென்சார்-பிளேடு தூரம்) தவறு. படத்தின் அதே ஓரத்தை நோக்கித் தள்ளியிருந்தால் (அதாவது இரண்டும் எதிரெதிர்ப் பக்கம்), கட் லைனே டிசைனில் நகர்ந்திருக்கிறது.

மெஷின்தான் என்றால், மெல்லிய கூட்டல் குறிகள் ஐந்தாறு பிரிண்ட் செய்து, அவற்றின் மேலேயே வெட்டி, லென்ஸ் வைத்து குறுக்கிலும் நெடுக்கிலும் விலகலை அளந்து சராசரி எடுங்கள். அந்த எண்ணை மார்க் சென்சார் ஆஃப்செட் மெனுவில் போடுங்கள். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். மறுமுறை வெட்டும்போது 0.8 என்பது 1.6 ஆனால் குறியை மாற்றிப் போட்டால் முடிந்தது.

கேள்வி: 1.2 மீட்டர் நீளம். மேல அச்சு அசலா இருக்கு. கீழ போகப்போக நகர்ந்து கடைசி வரிசையில 2 மி.மீ. வருது. மேட் லேமினேஷன் போட்டது. அவசர வேலை, காலையில பிரிண்ட், மதியம் லேமினேஷன்.

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. எகோ சால்வென்ட் மை (கரைப்பான் கலந்த மை) காயாத வினைல் இளகியே இருக்கும். சால்வென்ட் வெளியேறும் முன் மேலே ஃபிலிம் ஒட்டினால் அது உள்ளே சிக்கி, ஓரம் சுருளும், அளவும் மாறும். பிரிண்டைத் தளர்வாகச் சுற்றியோ விரித்தோ 24 மணி நேரமாவது விடுங்கள். அடர்நிறம் அதிகமென்றால் இன்னும் கூடுதலாக. ரோலை இறுக்கிச் சுற்றி நிறுத்தி வைத்தால் உள்சுற்று காயாது.

அடுத்தது இழுவிசை. லேமினேட்டரில் ரோலை பிரேக் போட்டு இறுக்கிவிட்டால் வினைல் நீளவாக்கில் இழுபடும். குறுக்கே அவ்வளவாக மாறாது. பிரிண்டரின் ஹீட்டர் சூட்டில் நீண்டு, ஆறியதும் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். 1.2 மீட்டரில் 2 மி.மீ. என்பது 0.17 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. ஸ்டிக்கரின் ஓரத்தில் மட்டும் பளிச்சென்று தெரியும்.

லேமினேஷன் முடிந்த ஷீட்டில் முதல் மார்க்குக்கும் கடைசி மார்க்குக்கும் உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து ஃபைலோடு ஒப்பிடுங்கள். அளவு மாறியிருந்தால் மெட்டீரியல்தான் மாறியது. அப்போது மார்க் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு மார்க் சாய்வையும் ஒரு திசை நீளத்தையும்தான் சொல்லும். மூன்று இருந்தால் இரு திசை அளவும் கோணலும் தெரியும். நான்காவது, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருப்பதைக் காட்டும். இத்தனை நீளத்துக்கு நான்கு மூலை மட்டும் போதாது. 300 முதல் 400 மி.மீ.க்கு ஒரு ஜோடி மார்க் வைத்து, பகுதி பகுதியாகப் படித்து வெட்டும்படி போடுங்கள்.

தூரம் மாறவில்லை, ஆனாலும் நகர்கிறது என்றால் மெட்டீரியல் கட்டரில் வழுக்குகிறது. அது அடுத்த கேள்வியில்.

கேள்வி: எங்களுக்கு ஒழுங்கே இல்லாம தள்ளுது அண்ணா. ஒரு ஷீட் சரி, அடுத்தது பாதியில இருந்து கோணல்.

பதில்: வழுக்கல். பிஞ்ச் ரோலர் (மெட்டீரியலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சின்னச் சக்கரம்) ஒவ்வொன்றும் கீழே உள்ள சொரசொரப்பான கிரிட் ரோலருக்கு நேர் மேலே நிற்கிறதா பாருங்கள். பாதி வெளியே நின்றால் பிடிமானம் போய்விடும். கிரிட்டில் பசையும் வினைல் துகளும் அடைத்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். ரோலில் இருந்து நேராக இழுக்க விடாதீர்கள்: வேலையின் நீளத்துக்கு முன்கூட்டியே அவிழ்த்து, மெஷினின் முன்னும் பின்னும் தொங்க விடுங்கள். வெட்டும் முன் முழு நீளத்தையும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால், கோணலாக ஏற்றியிருப்பது அப்போதே தெரிந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு ஷீட் வெட்டிப் பாருங்கள். அதில் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: கிளாஸி (பளபளப்பு) லேமினேஷன் போட்டாலே மார்க் கிடைக்கலன்னு நிக்குது.

பதில்: பளபளப்பு சென்சாரின் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பியடிக்கிறது, கறுப்பும் வெள்ளையாகத் தெரிகிறது. மார்க்கின் மேல் மட்டும் மேட் டேப் (எழுதினால் பேனா பிடிக்கும் அந்த மங்கலான டேப்) சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மார்க்கைச் சுற்றி 10 மி.மீ. தாண்டியும் டேப் மூட வேண்டும். டேப்பின் ஓரத்தையே ஒரு கோடாகச் சென்சார் படித்துவிடக்கூடாது. நிறைய ஷீட் என்றால், லேமினேஷன் ஃபிலிமைக் குறுகலான அகலத்தில் எடுத்து, மார்க் உள்ள ஓரங்களை மூடாமலே விடுவது நல்லது. பவுடர் தடவுவதும் வேலை செய்யும்தான், ஆனால் அது சென்சாருக்குள் போய் உட்காரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பாலான கட்டர்களில் சென்சார் லெவலைச் சரிசெய்யும் மெனு உண்டு. வெள்ளைப் பரப்பையும் கறுப்பு மார்க்கையும் அந்த மெட்டீரியலிலேயே படிக்க வைத்துச் சேமியுங்கள். பேப்பரில் செய்த லெவல் வினைலுக்குப் பொருந்தாது.

கேள்வி: டிரான்ஸ்பரன்ட், சில்வர் வினைல்?

பதில்: மார்க் விழும் இடத்தில் வெள்ளை மேட் ஸ்டிக்கர் துண்டை முதலில் ஒட்டி, அதன் மேல் பிரிண்ட் எடுங்கள். பிரிண்டரில் வெள்ளை மை இருந்தால் அடியில் வெள்ளைக் கட்டம் போட்டாலே போதும். பிரிண்டர் ஹெட்டில் உரசாத மெல்லிய துண்டாக இருக்கட்டும்.

கேள்வி: மார்க் நல்ல கறுப்பு. மேட் வினைல். அப்பவும் படிக்கல.

பதில்: கண்ணுக்குக் கறுப்பு, சென்சாருக்கு இல்லாமல் இருக்கலாம். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்த கறுப்பு அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். அந்த ஒளியில் படிக்கும் சென்சாருக்கு மார்க் மங்கல்தான். மார்க்கை 100 சதவீதம் கறுப்பு மையில், மற்ற மூன்றும் பூஜ்யமாக வையுங்கள். ரிப் சாப்ட்வேரின் (ஃபைலைப் பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சாப்ட்வேர்) கலர் புரொஃபைல் அதை மறுபடி நான்கு நிறமாகப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க் வகையையும் பாருங்கள். கிராஃப்டெக் கம்பெனி கட்டர் எல் வடிவக் கோடு கேட்கும். சும்மா (Summa) கம்பெனி கட்டருக்குச் சிறிய கறுப்புச் சதுரம். சில்லவுட் (Silhouette) கட்டரில் ஒரு மூலையில் சதுரம், மற்ற இரண்டில் எல் வடிவம். ரிப்பில் கட்டர் பெயரை மாற்றித் தேர்ந்தெடுத்திருந்தால் மெஷின் தேடுவது ஒன்று, ஷீட்டில் இருப்பது வேறு. மார்க்கைச் சுற்றி பெயர், கலர் பட்டை, வேலை எண் எதுவும் வேண்டாம்.

கேள்வி: காலையில நல்லா ஓடுது, மதியம் மார்க் பிடிக்கல.

பதில்: ஜன்னல் வெயில் மெஷின் மேல் விழுகிறதா? திரை போடுங்கள்.

கேள்வி: கோரல்டிராவில் ஸ்டிக்கர் கொஞ்சம் சின்னதா இருந்ததால மார்க்கோட சேர்த்து 5 சதவீதம் பெரிசாக்கினேன். இப்போ எதுவுமே பொருந்தல.

பதில்: மார்க் போட்டபின் எதையும் பெரிதாக்கக்கூடாது. மார்க்கின் தூரமும் கோட்டின் தடிமனும் பிளக்இன் கணக்கில் இருந்தபடியே இருக்க வேண்டும். மார்க்கை அழித்து, டிசைனைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாக மார்க் போடுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போதும் பிரிண்ட் கொடுக்கும்போதும் அளவு 100 சதவீதம். ‘பேஜுக்குப் பொருத்து’ என்பதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: லேசர் பாயிண்டர் வச்ச சின்ன கட்டர். நாமே புள்ளியை மார்க் மேல கொண்டுபோய் நிறுத்தணும். வெட்டு கொஞ்சம் முன்னப்பின்ன வருது.

பதில்: நீங்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறீர்களோ அதுதான் துல்லியம். எல்லா மார்க்கிலும் ஒரே இடத்தில், கோடுகள் சந்திக்கும் வெளிமூலை என்றால் எப்போதும் வெளிமூலையில், நிறுத்துங்கள். புள்ளியே 1 மி.மீ. தடிமனாகத் தெரிந்தால் அறை விளக்கைக் குறைத்து அதன் மையத்தைப் பாருங்கள். லேசருக்கும் பிளேடுக்கும் உள்ள ஆஃப்செட்டை முதல் பதிலில் சொன்னபடியே அளந்து போடலாம்.

கேள்வி: வெட்டு ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் சேரல. சதுரத்தோட மூலை உருண்டையா வருது. இதுவும் மார்க் பிரச்சினையா?

பதில்: இல்லை. பிளேடு முனை அதன் சுழல் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். அந்த ஆஃப்செட் தவறாக இருந்தால் இப்படித்தான் வரும். சாதாரண 45 டிகிரி பிளேடு பலவற்றுக்கு 0.25 மி.மீ.; உங்கள் பிளேடு பெட்டியில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. மூலை உருண்டால் மதிப்பைக் கூட்டுங்கள், மூலையில் கொம்பு முளைத்தால் குறையுங்கள். பிளேடு விரலால் தொட்டால் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். ஹோல்டருக்குள் வினைல் தூள் இருந்தால் எந்த எண்ணும் உதவாது.

கேள்வி: பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே கூடுதலா பிரிண்ட் பண்ற ஓரம்) எவ்வளவு விடலாம்?

பதில்: சின்ன ஸ்டிக்கருக்கு 1 மி.மீ., லேமினேஷன் போட்ட நீள வேலைக்கு 2 மி.மீ. ஓரத்தில் மெல்லிய பார்டர் கேட்டால் வாடிக்கையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள், 0.3 மி.மீ. விலகல்கூட 1 மி.மீ. பார்டரில் கோணலாகத் தெரியும்.