அதே மஞ்சள் கருதானே, இப்போது மட்டும் ஏன் தடித்தது?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் பையனுக்கு 3 வயது. ஒரு வயதில் அவித்த முட்டையின் வெள்ளையைக் கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அப்போது பார்த்த டாக்டர் வெள்ளை வேண்டாம் என்றார். அதிலிருந்து மஞ்சள் கரு மட்டும்தான் கொடுக்கிறோம், இதுவரை ஒன்றும் செய்ததில்லை. போன வாரம் அடையில் இருந்த கோழியை நாய் பிடித்துவிட்டது. முட்டைகள் அடை வைத்து 14 நாள் ஆனவை. வீணாக்குவானேன் என்று என் மாமியார் ஒன்றை அவித்து, உள்ளே இருந்த குஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மஞ்சளைப் பேரனுக்கு ஊட்டினார். அடை முட்டைக்குச் சத்து அதிகம் என்பது அவர் எண்ணம். அரை மணி நேரத்தில் பையனுக்கு உதடு வீங்கி, முதுகெல்லாம் தடிப்பு. காணாக்கடி என்று மந்திரித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. அதே கோழி, அதே மஞ்சள். இப்போது மட்டும் ஏன்? மீதி 6 முட்டைகளை என்ன செய்வது?

பதில்: கோழி அதேதான். மஞ்சள் அதே மஞ்சள் இல்லை.

மஞ்சள் கருவின் புரதம் உருவாவது கோழியின் ஈரலில். விட்டெல்லோஜெனின் என்ற பெரிய புரதத்தை ஈரல் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. சூலகத்தில் வளரும் கருமுட்டை அதை உள்ளே இழுத்து, லிப்போவிட்டெல்லின், பாஸ்விட்டின் என்று துண்டாக்கிச் சேர்த்து வைக்கிறது. தாய்க்கோழியின் ரத்த ஆல்புமினும், நோய் எதிர்ப்புப் புரதங்களும் கூடவே வந்து சேரும். வெள்ளைக் கரு அப்படி இல்லை. மஞ்சள் கருக்குழாய் வழியே இறங்கும்போது அதன் மேல் சுற்றப்படுவது அது. வெள்ளையில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஓவோமியூகாய்டு. முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆகாதவை இந்த இரண்டும்தான்.

புது முட்டையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு வேலி போல நிற்கிறது. அதனால்தான் கவனமாகப் பிரித்துக் கொடுத்த மஞ்சள் உங்கள் பையனுக்கு இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லை. (கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் மஞ்சளில் வெள்ளை துளியாவது ஒட்டிக்கொண்டுதான் வரும்.)

அடையில் வைத்ததும் இந்த ஏற்பாடு குலையத் தொடங்குகிறது. கோழிக்குஞ்சு பொரிய 21 நாள். முதல் வாரத்தில் வெள்ளையில் இருக்கும் தண்ணீர் மஞ்சள் பக்கம் போகிறது. மஞ்சள் உப்பி நீர்த்துப்போகிறது, வெள்ளை சுருங்கிக் கெட்டியாகி முட்டையின் கூர்முனைப் பக்கம் ஒதுங்குகிறது. ஏறத்தாழ 12ஆம் நாளில்தான் பெரிய மாற்றம். வெள்ளைக்கும், குஞ்சு மிதக்கும் பனிக்குட நீருக்கும் நடுவே வழி திறக்கிறது. அந்த நீரோடு வெள்ளையைக் குஞ்சு விழுங்க ஆரம்பிக்கிறது. விழுங்கியது குடலுக்குப் போகிறது. குடலோடு ஒரு காம்பால் மஞ்சள் கரு இருக்கும் பை இணைந்திருப்பதால் ஒரு பங்கு அங்கேயும் போய்ச் சேர்கிறது. ஆக, 14 நாள் ஆன முட்டையில் மஞ்சள் என்று உங்கள் மாமியார் எடுத்ததில் பையனுக்கு ஆகாத வெள்ளையும் கலந்திருந்திருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு. அடைச்சூட்டில் ஓவால்புமின், வெந்தாலும் எளிதில் உருக்குலையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அவித்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. இதெல்லாம் போக, அந்தப் பருவத்து முட்டையை அவித்தால் குஞ்சு, நீர், வெள்ளை, மஞ்சள் எல்லாம் சேர்ந்துதான் கெட்டிப்படும். விரலால் பிரித்தது எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும்?

பையனைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. மஞ்சளில் இருக்கும் கோழி ரத்த ஆல்புமினே சிலருக்கு ஆகாது. ஆனால் அது பெரியவர்களிடம்தான் அதிகம், அவர்களில் பலருக்குக் கோழிக்கறியும் சிறகும் தொல்லை தரும். பையன் கோழிக்கறியைச் சாதாரணமாகச் சாப்பிடுகிறான் என்றால் என் சந்தேகம் வெள்ளையின் மேல்தான்.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். முட்டை ஓடு வழியாகக் காற்று போய்வரும், ஈரம் வெளியேறும், அவ்வளவுதான். புதிதாக ஒரு பருக்கை புரதம் உள்ளே வராது. குதிரில் இருக்கும் நெல்லை எடுத்துப் பொங்கித் தின்றால் குதிரில் நெல் கூடுமா? குஞ்சு தனக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் மஞ்சளில் உள்ள கொழுப்பை எரித்துத்தான் எடுக்கிறது. எனவே அடை முட்டையில் மொத்தச் சக்தி குறைந்துதான் இருக்கும். ஓட்டில் இருந்து கரைந்து குஞ்சின் எலும்புக்குப் போகும் சுண்ணாம்புச் சத்து மட்டும் விதிவிலக்கு, அதையும் குஞ்சோடு எடுத்துப் போட்டுவிட்டீர்கள். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் பொரிப்பதற்கு முந்தைய சில நாட்களில்தான் பெருமளவில் குஞ்சின் ரத்தத்துக்குப் போகின்றன. அவை கோழிக்குஞ்சைக் காக்க வந்தவை. நம் பிள்ளை தின்றால் சாதாரணப் புரதமாகச் செரித்துப்போகும்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் அடை வைத்த வாத்து முட்டையை அவித்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்ப் பையன்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர்கள் ஊர் ருசி, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் கருவை அன்றே வேகவைப்பது வேறு, கோழி போய்ச் சூடு இழந்து எப்போது செத்தது என்றே தெரியாத முட்டை வேறு. கிருமியைத் தடுக்கும் புரதங்களும் வெள்ளையில்தான் இருக்கின்றன. வெள்ளை குறையக் குறைய அந்தக் காவலும் குறையும்.

வெற்றிலை மிளகு பற்றி மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். இப்படிப்பட்ட தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கும், பேர் மந்திரத்துக்குப் போகும். ஆனால் 3 வயதுப் பிள்ளைக்கு மிளகை மெல்லக் கொடுத்தால் புரையேறும். உதடு வீங்கிய பிள்ளைக்கு அது ஆபத்து. அடுத்த முறை தடிப்போடு இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு படுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்கு அடியுங்கள். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இப்போதைக்கு மஞ்சளையும் நிறுத்துங்கள். வாத்து முட்டை, காடை முட்டை மாற்று ஆகாது, புரதங்கள் கிட்டத்தட்ட ஒரே சாயல்தான். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். புரோட்டா மாவிலும் பேக்கரி கேக்கிலும் முட்டை இருக்கும். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நன்றாக வெந்த கேக்கில் கலந்த முட்டையை இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் தாங்குவார்கள், வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்கு முழுதாகவே சரியாகியும் விடும். ஆனால் அந்தச் சோதனையை டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம். தட்டம்மை ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள், முட்டை ஒவ்வாமை அதற்குத் தடை இல்லை.

மீதி 6 முட்டைகளைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிடுங்கள். முழங்கை ஆழமாவது தோண்டுங்கள், ருசி கண்ட நாய் திரும்ப வரும்.